மேடை வென்றது, வகுப்பறை தோற்றது!

சொல்வல்லார் இருவர் மோதுகின்றனர். ஒருவர் கையில் வேதநூல். மற்றவர் கையில் பகுத்தறிவு. மன்றம் நிரம்பி வழிகிறது. புழுக்கம் தாளாமல் மக்கள் விசிறி வீசிக்கொண்டிருக்கின்றனர். கேள்விக்கணைகள் பாய்கின்றன. வேதம் ஓதியவர் திணறுகிறார், தடுமாறுகிறார், தலைகவிழ்கிறார்! பார்த்திருக்கும் நம் கரங்கள் தாமாகவே தட்டுகின்றன. "ஒழிந்தது மடமை! ஓங்கியது அறிவு!" என்று உள்ளம் துள்ளுகிறது.

துள்ளட்டும், தவறில்லை. ஆனால், கைதட்டி முடித்து வீடு திரும்பும் வழியில் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தல் நலம். அங்கே வென்றது எது? அறிவா? அன்றி, அறிவின் பக்கம் நின்று முழங்கிய நடிகரின் குரலா?

இக்கேள்வியை எழுப்பும் படம், 1960ஆம் ஆண்டு ஸ்டான்லி கிராமர் ஆலிவுட்டில் இயக்கிய 'இன்ஹெரிட் தி விண்ட்'. தன் வீட்டைத் தானே கலைப்பவனுக்கு மிஞ்சுவது வெறுங்காற்றே என்னும் பொருள்பட பைபிளில் உள்ள நீதிமொழி ஒன்றிலிருந்து எடுத்த தலைப்பு அது. மனிதனும் மற்ற உயிர்களைப்போல் படிப்படியாக மாறி வந்தவனே என்று மாணவர்க்குப் பாடம் சொன்ன 'குற்றத்துக்காக' ஓர் ஆசிரியரைக் கூண்டில் நிறுத்திய கதை. பகுத்தறிவுத் தோழர்கள் இதனைப் போற்றுவதில் வியப்பில்லை. நாமும் போற்றுகிறோம். எனினும் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்: நாடகமாகப் பிறந்த இது, படமாக வளராமல் நாடகமாகவே நின்றுவிட்டது. கலையில் நேர்ந்த இந்தக் குறை, கருத்திலும் ஒரு குறையை விளைத்துவிட்டது.

கதையின் வேரைக் காண்போம். 1925ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்னசி மாநிலம் ஒரு சட்டம் செய்தது. பைபிள் கூறும் படைப்புக் கதையை மறுத்து, மனிதன் கீழ்நிலை உயிர்களிலிருந்து வந்தவன் என்று அரசுப் பள்ளிகளில் போதிக்கலாகாது. போதித்தால் 100 முதல் 500 டாலர்வரை தண்டம்! அச்சட்டத்தை மன்றத்தில் எதிர்க்க முன்வரும் ஆசிரியருக்குத் துணைநிற்பதாக அமெரிக்கக் குடியுரிமைக் கழகம் அறிவித்தது. டேட்டன் என்னும் சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்னும் 24 வயது ஆசிரியர் அதற்கு இசைந்தார். அவருக்காக வாதாட வந்தவர் புகழ்பெற்ற வழக்குரைஞர் கிளாரன்ஸ் டேரோ. எதிர்ப்பக்கம் வந்தவர், மும்முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்ற நாவலர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். அந்த வழக்கைக் கருவாகக் கொண்டு ஜெரோம் லாரன்சும் ராபர்ட் இ. லீயும் நாடகம் எழுதினர். 1955இல் நியூயார்க் பிராட்வே அரங்கில் ஏறிய அந்நாடகம் 806 முறை நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அதுவே படமாயிற்று. டேரோ இங்கே டிரம்மண்ட் ஆனார். நடித்தவர் ஸ்பென்சர் டிரேசி. பிரையன், பிரேடி ஆனார். நடித்தவர் பிரெட்ரிக் மார்ச். ஆசிரியர் கேட்ஸ், டேட்டன் நகர் ஹில்ஸ்பரோ. 'இது வரலாறன்று' என்று நாடக ஆசிரியர்களே முன்னுரையில் கூறிவிட்டனர். அதை நாம் மறக்கவில்லை.

படத்தின் தொடக்கம் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. ஊர் நடுவே மணிக்கூண்டு. பழைய மதப் பாடலொன்றை ஒரு பெண்குரல் மெல்லப் பாடுகிறது. ஓர் ஆள் நடக்கிறார், இன்னொருவர் சேர்கிறார், மற்றுமொருவர் சேர்கிறார். யாரும் வாய்திறக்கவில்லை. அவர்கள் நேரே பள்ளிக்கூடம் செல்கின்றனர்; வகுப்பறைக்குள் நுழைகின்றனர்; பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியரைக் கைது செய்கின்றனர். ஓர் ஊரின் மதவெறி எப்படி அடிமேல் அடிவைத்து ஒன்றுதிரண்டு வந்து அறிவின் கதவைத் திறக்கிறது என்பதை ஒரு சொற்பொழிவும் இன்றி அந்தச் சில நிமிடங்கள் காட்டிவிடுகின்றன. இதுவன்றோ படக்கலை!

அதன் பிறகு? மேடையின் திரை விலகுகிறது. எல்லாரும் பேசத் தொடங்கிவிடுகின்றனர்! பிரேடி ஊர்வலமாக வருகிறார்; பேசுகிறார். பாதிரியார் தீவட்டி வெளிச்சத்தில் சாபமிடுகிறார். ஹார்ன்பெக் என்னும் பத்திரிகையாளர் எங்கு நின்றாலும் ஒரு குத்தல்மொழி உதிர்க்கிறார். உதிர்த்துவிட்டு, கடைசி வரிசையில் சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பவர்போல் நிற்கிறார். நடிகர்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஒருவர் வழியாக நம்மிடம் பேசுகின்றனர். மேடையில் இது குற்றமன்று. அங்கே இருநூறு அடி தொலைவில் அமர்ந்திருப்பவருக்கு நடிகரின் கண்ணிமை தெரியாது. ஆகவே உள்ளத்தில் உள்ளதை எல்லாம் குரலில் ஏற்றியாக வேண்டும். படப்பெட்டியோ இமை துடிப்பதையும் காட்ட வல்லது. காட்ட வல்ல கருவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கச் செய்வதிலேயே மூழ்கினால், அது கருவியை மதியாமைதானே?

ஒரு சான்று போதும். உண்மை வழக்கின் உச்சம் 1925 சூலை 20ஆம் நாள் நடந்தது. கூட்டம் தாளாமலும் வெப்பம் பொறுக்காமலும் நீதிபதி மன்றத்தையே வெளியே, திறந்த புல்வெளிக்கு மாற்றினார். மரநிழலில், ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்திருக்க, டேரோ பிரையனைக் கேள்விகளால் மடக்கினார். சுவரில்லாத மன்றம்! வேதம் தெரிந்தவரை வேதத்தைக் கொண்டே மடக்கும் காட்சி! படமெடுப்பவனுக்கு இதைவிடப் பெரிய கொடை வேறென்ன வேண்டும்? அந்த மக்களின் முகங்களை எண்ணிப் பாருங்கள். ஆறு நாள் படைப்பு என்பது இருபத்துநான்கு மணிநேரம் கொண்ட நாள்களாக இருக்க வேண்டியதில்லை என்று பிரையனே ஒப்புக்கொண்ட நொடியில், ஞாயிறுதோறும் கோயிலில் மண்டியிட்ட உழவன் ஒருவனின் நெற்றி எப்படிச் சுருங்கியிருக்கும்! நாடக ஆசிரியர்களுக்கு அந்தப் புல்வெளி கிட்டாது. மேடைக்கு மூன்று சுவர் உண்டு. கிராமருக்கு என்ன தடை? ஆனால் அவர் படமும் அதே நான்கு சுவருக்குள், அதே விசிறிகளோடு அடைந்து கிடக்கிறது. வரலாறு வெளியே சென்றது. படப்பெட்டி உள்ளேயே இருந்துவிட்டது!

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடக்கூடும். "நீங்களா இதைச் சொல்வது? உங்கள் படங்களில் வசனம்தானே ஆட்சி செய்தது? 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சியை மனப்பாடம் செய்தவர்கள் அல்லவா நீங்கள்?" என்று கேட்கக்கூடும். கேள்வி நேர்மையானது, விடையும் நேர்மையாக இருக்கட்டும். 1952இல் வந்த 'பராசக்தி'யும் நாடகத்திலிருந்து பிறந்ததே. ஆனால் குணசேகரன் கூண்டில் ஏறிப் பேசுமுன், நாம் தெருவைப் பார்த்துவிட்டோம். பிழைக்க வழியின்றி அவன் அலைந்ததைப் பார்த்தோம். கைம்பெண் கல்யாணி கைக்குழந்தையோடு வாசல் வாசலாக விரட்டப்பட்டதைப் பார்த்தோம். கோயிலுக்குள் அவளுக்கு நேர்ந்த கொடுமையைப் பார்த்தோம். கலைஞர் தீட்டிய அந்த உரை, கண்ட காட்சிகளின் கூட்டுத்தொகை. பட்ட கடனைக் கேட்கும் குரல். ஹில்ஸ்பரோவிலோ உரை முதலில் வருகிறது. காட்சி வராமலே போகிறது. வேறுபாடு அங்கேதான். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'பராசக்தி'யின் வெற்றிக்குப் பின், தெருவைக் காட்டாமல் கூண்டை மட்டும் காட்டி, அடுக்குமொழியால் கைதட்டல் வாங்கிய படங்கள் தமிழில் வந்ததுண்டு. நம்மவர் செய்தால் வீரம், பிறர் செய்தால் மேடைத்தனம் என்று அளக்க நம்மிடம் இரண்டு படி கிடையாது.

மேடைத்தனம் கலையை மட்டும் குலைத்திருந்தால் இத்துணை நீளமாக எழுதியிருக்க மாட்டோம். அது கருத்தையும் குலைத்தது எவ்வாறு என்று காண்போம்.

இருவர் மோதும் நாடகத்துக்கு ஒருவர் உயர்ந்தாக வேண்டும். மற்றவர் தாழ்ந்தாக வேண்டும். ஆகவே பிரேடி பெருந்தீனிக்காரராகவும் புகழுக்கு ஏங்கும் கிழவராகவும் சுருங்கிப்போகிறார். உண்மைப் பிரையனோ அத்தனை எளிதில் சுருட்டி வைக்கத்தக்கவர் அல்லர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்றவர். போரை நோக்கி நாடு சரிகிறது என்று கருதி 1915இல் வெளியுறவு அமைச்சர் பதவியைத் துறந்தவர். வலியோன் வாழ்வான், எளியோன் மாள்வான் என்னும் கொள்கையாகப் பரிணாமம் திரிக்கப்பட்டு ஏழைகளின் தலையில் விடியுமே என்று அஞ்சியவர். அவர் தேடிய மருந்து தவறு; வேதநூலைச் சட்டமாக்கியது பெருந்தவறு. ஆனால் அவர் கண்ட நோய் பொய்யன்று. ஸ்கோப்ஸ் பயன்படுத்திய 'எ சிவிக் பயாலஜி' என்னும் பாடநூலைப் புரட்டினால் நமக்கே திடுக்கிடும். 1914இல் வந்த அந்நூல், மனித இனத்தை ஐந்தாகப் பிரித்து வெள்ளையரை உச்சியில் வைத்தது; 'தரம் குறைந்த' குடும்பங்கள் பெருகாமல் தடுக்க வேண்டும் என்றது! பிறப்பால் உயர்வு தாழ்வு என்னும் நஞ்சு வேதத்தின் பெயரால் வந்தால் எதிர்க்கும் நாம், அறிவியலின் பெயரால் வந்தால் வாழ்த்தி வரவேற்போமா? மாட்டோம். படம் அந்தப் பாடநூலின் பக்கங்களைத் திறக்கவே இல்லை. திறந்தால் நாயகனின் வெற்றியில் கறை படியும். மேடையின் கணக்கு பிசகும். தொடக்கத்திலும் முடிவிலும் நாம் கேட்கும் பெண்குரல், லெஸ்லி அக்கம்ஸ் என்னும் கருப்பினப் பாடகியுடையது. குரல் உண்டு, ஆனால் கதையை நடத்திச் செல்வோருள் கருப்பினத்தவர் ஒருவரும் இல்லை.

பெண்ணின் நிலை என்ன? ஆசிரியரை மணக்கவிருக்கும் ரேச்சல், மதவெறி பிடித்த பாதிரியாரின் மகள். தந்தைக்கும் காதலனுக்கும் இடையே கிழிபடும் அவள் உள்ளம் ஒன்றே போதும், ஒரு முழுப் படத்துக்கு. பெற்ற தந்தையே கூட்டத்தின் நடுவே அவளுக்குச் சாபமிடுகிறார். சாட்சிக்கூண்டில் பிரேடி அவளைக் கேள்விகளால் நொறுக்குகிறார். அவள் அழுகிறாள். அவ்வளவுதான். அந்த ஊரில் மதத்தை உடைத்துக்கொண்டு வெளியேற உண்மையிலேயே விலை கொடுப்பவள் அவள் ஒருத்தியே. ஆனால் அவளுக்குச் சொற்பொழிவு இல்லை. சொற்பொழிவு இல்லாதவர்க்கு இந்தப் படத்தில் இடமும் இல்லை.

இன்னொரு குறை நம் நெஞ்சைச் சுடுகிறது. இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஓடும் இப்படத்தைப் பார்த்து வெளியே வந்தவனை நிறுத்தி, "பரிணாமம் என்றால் என்ன?" என்று கேளுங்கள். சொல்ல மாட்டான்! அறிவியலாளரின் சாட்சியத்தை நீதிபதி ஏற்கவில்லை. அது வரலாற்றிலும் உள்ளதே. ஆனால் மன்றம் தடுத்ததைப் படப்பெட்டியும் தடுக்க வேண்டுமா? வகுப்பறைக்கு அது திரும்பச் சென்றிருக்கலாம். ஒரே வகை உயிர்களுள்ளும் சிறு சிறு வேறுபாடுகள் தோன்றுவதையும், சூழலுக்கு இயைந்தவை மிகுதியாக ஈன்று பெருகுவதையும், அது எண்ணிலாத் தலைமுறைகள் தொடரும்போது புதிய உயிரினங்கள் கிளைப்பதையும் ஒரு சிறுவனுக்குப் புரியும்படி ஆசிரியர் சொல்லும் காட்சி ஒன்று இருந்திருக்கலாம். வேதத்தை நம்பியவர் அவமானப்பட்டார் என்பது மட்டும் நமக்கு மிஞ்சுகிறது. ஒருவர் தலைகுனிவது, கேட்டவர் தலையில் அறிவு ஏறியதற்குச் சான்றாகுமா?

இனி, முடிவு. படத்தில் கேட்ஸுக்கு நூறு டாலர் தண்டம். அது சிறிதென்று சினந்த பிரேடி, கேட்பாரற்ற தம் கடைசி உரையை மன்றத்தில் முழங்கியபடியே விழுந்து இறக்கிறார். மேடைக்கு ஏற்ற சாவு! உண்மையில், பிரையனைக் கேட்ட கேள்விகளையும் அவர் தந்த விடைகளையும் மறுநாளே நீதிபதி பதிவிலிருந்து நீக்கிவிட்டார். சான்றாயர் ஒன்பது நிமிடத்தில் ஸ்கோப்ஸ் குற்றவாளி என்றனர். பிரையன் ஐந்து நாள் கழித்து டேட்டனிலேயே உறக்கத்தில் இறந்தார். நூறு டாலர் தண்டத்தைச் சான்றாயர் விதிக்காமல் நீதிபதி விதித்தது முறையன்று என்னும் காரணம் காட்டி, 1927இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பைத் தள்ளிற்று. சட்டத்தையோ செல்லும் என்றது. அறிவின் வெற்றி என்று ஏடுகள் எக்களித்தன. மெங்கன் போன்ற எழுத்தாளர்கள் எள்ளி நகையாடினர். (படத்தில் ஹார்ன்பெக்காக வரும் அந்த மெங்கன், புல்வெளி விசாரணைக்கு முன்பே டேட்டனை விட்டுப் புறப்பட்டுவிட்டார் என்பது வேடிக்கை!) ஆனால் பாடநூல் வெளியிடுவோர் என்ன செய்தனர்? வம்பெதற்கு என்று பரிணாமத்தைச் சத்தமின்றிக் குறைத்தனர். ஸ்கோப்ஸ் பயன்படுத்திய அதே நூலின் 1926ஆம் ஆண்டுப் பதிப்பில் பரிணாமம் என்னும் சொல்லே மறைந்தது. சட்டம் நீங்கியது எப்போது? 1967இல்! நாற்பத்திரண்டு ஆண்டுகள்! 1960இல் திரையரங்குகளில் டிரம்மண்டின் வெற்றிக்கு மக்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது, அந்தச் சட்டம் டென்னசியில் உயிரோடு இருந்தது. மேடையில் வெற்றி; வகுப்பறையில் தோல்வி. படம் இந்த இரண்டாவதை நமக்குச் சொல்லவே இல்லை.

எல்லாரும் சென்றபின் டிரம்மண்ட் தனியே நிற்கிறார். ஒரு கையில் பைபிள். மறு கையில் டார்வினின் நூல். எடைபோடுவதுபோல் பார்க்கிறார், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு நடக்கிறார். இது சமரசம் என்று சினப்பவர் உண்டு. இதுதான் பண்பாடு என்று போற்றுபவரும் உண்டு. நாம் இரண்டும் சொல்லவில்லை. கடைசி வரிசைக்கும் தெரியும்படி அமைத்த கைச்சாடை அது என்கிறோம். இரண்டு மணிநேரம் வாதித்த ஒரு பெருஞ்சிக்கலை, வாதம் ஏதுமின்றிக் கையசைவு ஒன்றால் முடித்துவிடுவது மேடையின் வழக்கம். பகுத்தறிவு அவ்வாறு முடிவதில்லை.

இவ்வளவும் கூறியபின், தராசின் மறுதட்டையும் மறைக்கலாகாது. மெக்கார்த்தியின் ஆட்கள் 'நீ யார் கட்சி?' என்று எழுத்தாளரையும் நடிகரையும் வேட்டையாடிய காலத்தில் எழுதப்பட்ட நாடகம் இது. சிந்திக்கும் உரிமைக்காக அதன் ஆசிரியர்கள் 1925ஐ முகமூடியாக அணிந்தனர். திரைக்கதை எழுதிய இருவருள் ஒருவரான நெட்ரிக் யங், கருப்புப் பட்டியலில் இடப்பட்டதால் நாதன் இ. டக்ளஸ் என்னும் புனைபெயருக்குள் ஒளிய நேர்ந்தது. அந்தத் துணிவுக்கு நாம் தலைவணங்குகிறோம். நடிப்பும் எளியதன்று, மார்ச் அவர்களுக்கு பெர்லின் படவிழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. அந்தி வேளையில் விடுதித் தாழ்வாரத்தில் பிரேடியும் டிரம்மண்டும் சாய்ந்தாடும் நாற்காலிகளில் அமர்ந்து பேசும் காட்சி ஒன்று உண்டு. பழைய நண்பர்கள், பகை மறந்த சில நிமிடங்கள். குரல் தாழ்கிறது, முகம் பேசுகிறது. அந்தத் தாழ்வாரத்திலிருந்து முழுப் படத்தையும் எடுத்திருந்தால்!

ஏன் இதை இன்று எழுதுகிறோம்? தோழர்களே, 2023ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மாணவர் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழுமம் வெளியிடும் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் கல்வியாளரும் கையெழுத்திட்டு எதிர்த்தனர். அங்கே பிரேடி இல்லை, டிரம்மண்டும் இல்லை, மன்றமில்லை, முழக்கமில்லை. ஒரு பேனா அடித்தது. சில பக்கங்கள் காணாமற்போயின. அவ்வளவுதான்! மடமை எப்போதும் தீவட்டி ஏந்தி ஊர்வலமாக வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பவன், அது அட்டவணையின் வழியே நுழைவதைக் காணத் தவறுவான். மேடையை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு வந்த கேடு அது.

பள்ளியில் பாடம் சொல்லிப் பிழைக்கும் நமக்கு, கேட்ஸ் என்னும் ஆசிரியரைவிட அவன் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகளே நினைவில் நிற்கின்றனர். ஆசிரியரை அழைத்துச் சென்றுவிட்டார்கள். கதவு திறந்து கிடக்கிறது. பாதியில் நின்ற பாடம் அப்படியே நிற்கிறது. படப்பெட்டி வழக்குரைஞர்களைத் தேடிப் போய்விட்டது. அந்தப் பிள்ளைகளிடம் திரும்பிச் சென்று, நின்றுபோன பாடத்தைத் தொடர்ந்து நடத்துவது யார்?

கைதட்டியது போதும். சுண்ணக்கட்டியைக் கையில் எடுப்போம்.